மத்தாப்புப் பெட்டியில் சிரித்த பிள்ளை

குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வது டிவி வந்த பிறகு வந்த பழக்கம்னு பொதுவா நினைக்கிறோம். ரஸ்னா, மேகி, போர்ன்விட்டா என்று பட்டியல் போடுவோம். ஆனால் டிவி வருவதற்கு முன்பே நம்ம தெக்கத்திப் பக்கம் இந்த வேலை மும்முரமாக நடந்திருக்கு. நடந்த இடம், பட்டாசுப் பெட்டி லேபிள்.

முதலில் ஒரு வரைபடக் குறிப்பு. சிவகாசி இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை அது திருநெல்வேலியோடுதான் இருந்தது. 1899 சிவகாசிக் கலவரம் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றில் வருவது இதனால்தான். மாவட்டம் ஒண்ணு, பூமி ரெண்டு. தாமிரபரணி பாய்ந்த அம்பாசமுத்திரம் பக்கம் நெல் வயல். வடக்கே போனால் வானம் பார்த்த கரிசல்.

அந்த வறண்ட ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை இல்லாதது விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சி காயப்போட வசதி. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். அப்படித்தான் லித்தோ அச்சு அங்கே வேர் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. அதன்பின் உரிமம் பெற்ற பட்டாசுத் தொழிற்சாலைகள் பெருகின.

லேபிளில் அணில், சேவல் என்று படம் போட்டதற்குக் காரணம் எளிது. எழுத்து தெரியாதவரும் கடையில் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கணும். எழுத்து தெரியாதவர்களில் சின்னப் பிள்ளைகளும் உண்டே! பழைய கம்பி மத்தாப்புப் பெட்டியைப் பார்த்தாலே, முதலாளி என்ன சொல்லி வரையச் சொல்லியிருப்பார்னு ஊகித்துவிடலாம். குண்டுக் கன்னம், புதுத்துணி, முகம் நிறைய சிரிப்பு, கையில் பூப்பூவாய்ச் சிதறும் மத்தாப்பு. சரக்குகளின் பெயரும் பிள்ளைகள் வாயில் நிற்கிற மாதிரிதான்: குருவி வெடி, பாம்பு மாத்திரை, சாட்டை, தரைச்சக்கரம். காசு கொடுப்பது அப்பா, கை நீட்டுவது பிள்ளை. இன்றைய விளம்பரப் பாடங்களில் ‘நச்சரிக்கும் சக்தி’ என்று சொல்வதை அந்த வியாபாரிகள் பாடம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டிப் படங்களைப் பையன்கள் சேர்த்து விளையாடினது வேறு, யாரும் கேட்காமலே கிடைத்த விளம்பரம்.

இனி பெட்டியை மறுபக்கம் திருப்பிப் பாருங்க. அந்த லேபிளை ஒட்டியது யார்?

கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் சின்ன விரல்களுக்கு லகுவான வேலை என்று கருதப்பட்டது. விடியும் முன்பே தொழிற்சாலை வண்டி கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதில் பெரும்பாலும் பெண் குழந்தைகள். 1983-ல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் இதை விரிவாக எழுதினார். 1990-ல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படமே எடுத்தார். ஆற்றுப் பக்கம் மட்டும் பிள்ளைகள் சுகமா இருந்தாங்கன்னு சொல்ல வரவில்லை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்து வளர்ந்த பெண் பிள்ளைகளையும் சேர்த்தே நினைக்கணும்.

1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதிக்குப் போகும்.

விளம்பரம் பார்க்கும் குழந்தைக்கான பாதுகாப்பு தனி வழியில் வந்தது. குழந்தைகளுக்கு ஆபத்தான விளம்பரம் கூடாது என்று 1994 கேபிள் டிவி விதிகள் சொல்கின்றன. பிள்ளைகளின் அனுபவமின்மையைப் பயன்படுத்தக் கூடாது, ஆபத்தான செயலுக்குத் தூண்டக் கூடாது என்று 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. இதை வைத்துப் பார்த்தால், பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் அந்தப் பழைய படத்தை இன்றைக்கு விளம்பரமாக ஓட்டினால் கேள்வி வரும்.

ஒரே பெட்டியின் ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு சட்டம் வந்திருக்கு. விளம்பரம் எழுதுகிறவர் கைக்கு வரும் குறிப்பிலோ இன்னமும் ஒரு பிள்ளைதான் இருக்கு. வயசு, பிடிச்ச நிறம், பிடிச்ச கார்ட்டூன் எல்லாம் அதில் எழுதியிருக்கும். இந்தப் பொருள் யார் கையால் ஆகிறது, பார்க்கிற பிள்ளை இதை அப்படியே செய்து பார்த்தால் என்ன ஆகும் என்ற ரெண்டு கேள்வியை மட்டும் பதிலோடு சேர்த்து அனுப்பினால் போதும். சில வேலைகள் கைவிட்டுப் போகலாம். போகட்டும்.

உங்க வீட்டுப் பரணில் பழைய மத்தாப்பு லேபிளோ தீப்பெட்டிப் படமோ கிடந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. எந்த அச்சகம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தால் குறித்து வையுங்க.