பாட்டில் அடங்கிய பரப்பு

தமிழகத்தில் நில அளவை, அரசின் வருவாயோடும் உழவரின் வாழ்வோடும் பிணைந்த கலையாக விளங்கிற்று. முதலாம் இராசராசன் கி.பி. 1001-இல் சோழநாட்டு நிலங்களை அளப்பித்தான். முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கிற்கும் கீழே சென்று நிலத்தைக் குறித்த நுட்பத்தைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காணலாம்.

இத்தகைய கணக்கைக் கற்போர் நாவில் நிறுத்தியது செய்யுள். வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்குமாறு காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறுகிறது. விட்டம் 14 கோலும் சுற்று 44 கோலும் உடைய நெற்களத்திற்கு, 22-ஐ 7-ஆல் பெருக்க 154 குழி வரும். விதி பிழையற்றது.

நாற்கர நிலத்திற்கோ, எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் எளிய வழி பண்டைய எகிப்திலும் பாபிலோனிலும் வழங்கியது. பக்கம் ஒவ்வொன்றும் 10 கோலாகச் சாய்ந்து கிடக்கும் வயலின் செங்குத்து அகலம் 8 கோலாயின், அதன் உண்மைப் பரப்பு 80 குழியே. எளிய வழியோ 100 எனக் காட்டும். இல்லாத 20 குழிக்கும் உழவன் இறை செலுத்த நேரும். கி.பி. 628-இல் வடமொழிச் செய்யுளில் நூலியற்றிய பிரமகுப்தர் இவ்வழியைத் தந்தபோதே, இது பருமட்டானது என்றும் உரைத்தார்.

நெஞ்சில் நிற்பது செய்யுளின் ஆற்றல். அவ்வாற்றல் பிழையையும் நிலைநிறுத்த வல்லது. ஆதலின், தன் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் செய்யுளே உழவனுக்குத் துணையாகும்.