புதுப்பட்டிச் சிரிப்பு: நம் வரலாற்றில் விடுபட்ட பக்கம்

பயராபீஸ் வெடிவிபத்து நடந்த ஊர்களுக்குக் களப்பணிக்குப் போகும்போது என் கையில் ஒரு படிவம் இருக்கும். பெயர், வயது, சாதி, தினக்கூலி, கடன், இழப்பு என்று கட்டங்கள். ஒருமுறை மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டு, தன் பிள்ளை நன்றாகப் பாடுவாள், அதையும் எழுதிக்கொண்டேனா என்று கேட்டார். பாட்டுக்கு அதில் கட்டம் இல்லை.

முதலிப்பட்டி (2012), அச்சன்குளம் (2021) என்று எங்கள் மாவட்டத்தில் நம் மக்கள் செத்த பிறகுதான் செய்தியாகிறார்கள். உயிரோடு இருந்தபோது யாரோடு சிரித்தார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. தோழர்களே, அந்தக் கட்டத்தை நிரப்பிய ஒரு ஊர் இதே மாவட்டத்தில் இருக்கிறது. வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டி. எழுத்தாளர் பாமாவும் அவருடைய அண்ணன், ஆய்வாளர் ராஜ் கௌதமனும் பிறந்த ஊர்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி ஒன்று. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்று நினைப்பவருக்காகத்தான் அவர் அப்படித் தூக்கிப்போனார் என்று விளக்குகிறார். சிரிப்பு கோபமாகிறது. இந்தக் காட்சியைத் தீண்டாமைக்குச் சான்றாக மட்டும் நாம் மேற்கோள் காட்டுகிறோம். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் விளையாடி, வேடிக்கை பார்த்துத் திரிந்த ஒரு பிள்ளை இருந்தாள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிற வரலாறுதான்.

1994-ல் வந்த ‘சங்கதி’ முழுக்கப் பெண்கள் பேச்சு. பாட்டி சொல்லும் கதைகள், பட்டப்பெயர்கள், சடங்கு வீட்டுக் குலவை, அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் பாட்டு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் சிறுமி ஒருத்தியும் அதில் வருகிறாள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-ல்தான் வந்தது. தீர்ப்பில் அவள் ‘குழந்தைத் தொழிலாளி’. சங்கதியில் அவளுக்கு ஊர் வைத்த பெயர் ‘மைக்கண்ணி’. இரண்டும் உண்மை. சட்டத்துக்கு முதல் பெயர் தேவை. இரண்டாவது பெயர் இல்லாவிட்டால் யாருக்காகப் போராடுகிறோம் என்பதே நமக்கு மறந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ‘ஏழையானாலும் சந்தோசமா இருக்காங்க’ என்பது முதலாளிகளுக்கு ரொம்பப் பிடித்த வசனம். பாமா அந்த வசனத்தை எழுதவில்லை. அடிக்கிற புருசனையும், பெண்ணுக்கு அபராதம் போடுகிற நம் ஊர்ப் பஞ்சாயத்தையும் அதே புத்தகத்தில் எழுதினார். அந்தப் பெண்களின் சிரிப்பு வலியை மறைக்கவில்லை, வலியால் தங்களை முழுசாக முடித்துவிட முடியாது என்று காட்டியது.

உறவு என்பதும் இங்கே அரசியல்தான். ஒடுக்குமுறையைச் சந்தித்த விருதுநகர் நாடார்கள், உறவின்முறை, மகமை, பிடியரிசி என்று சேர்ந்து 1889-ல் பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் ஒற்றுமைக்குப் பின்னால் கடைகள் இருந்தன. அதனால் அது கட்டடமாகவும் கணக்குப் புத்தகமாகவும் நின்றது. கூலிக்குப் போன நம் பாட்டிகளின் ஒற்றுமை பிரசவத்துக்கு ஓடிவந்த கைகளிலும், கடனாகக் கொடுத்த ஒரு படி அரிசியிலும், குலவையிலும் இருந்தது. பத்திரம் இல்லாததால் அது வரலாறு இல்லை என்று ஆகிவிடாது. உறவு கொண்டாடுவதே குற்றமாகவும் ஆனது. ‘கிசும்புக்காரன்’ (1996) தொகுப்பில், நிலக்காரரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டதற்காகப் பஞ்சாயத்து கூடும் கதை ஒன்று இருக்கிறது. எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல் நம் வாயில் வந்தால் கலகம்! ராஜ் கௌதமனும் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) நாவலில் கேலியையே ஆயுதமாக எடுத்தார். முதலில் தன்னையே கேலி செய்துகொண்டார்.

கருக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள், சில மாதங்கள் ஊருக்கே போக முடியவில்லை என்று பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்த இளைஞர்கள் புத்தகத்தை வாசித்து விளக்கிய பிறகுதான் ஊர் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அந்த இளைஞர்கள் செய்ததுதான் இன்று உங்கள் வேலையும். அடுத்த முறை களஆய்வுக்குப் போகும்போது கூலியையும் கடனையும் கேளுங்கள். கூடவே, யாரோடு சேர்ந்தால் சிரிப்பு வரும், என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்றும் கேளுங்கள். உங்கள் அப்பத்தாவிடமிருந்தே தொடங்குங்கள். அவர் குரலைப் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதத்தோடு.

என் படிவத்தின் பின்பக்கத்தில் அன்று ஒரு வரி எழுதினேன்: நன்றாகப் பாடுவாள். இழப்பீட்டுக்கு அந்த வரி உதவாது. ஆனால் இழந்தது என்ன என்று அந்தப் படிவத்தில் சொன்னது அந்த ஒரு வரிதான்.

ஜெய் பீம்.