ஒரே பொய், இரண்டு தீர்ப்பு

ஓப்பன்ஹைமர் பொய் சொன்னார். அவரைத் தியாகியாக்குகிறவர்கள் இந்த இடத்தை நைசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் 1954 விசாரணையின் அரசியல் பிடிபடாது என்பது என் எண்ணம். லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலை நடந்துகொண்டிருந்த 1943 ஆகஸ்டில், ஓர் இடையாள் மூன்று பேரை அணுகி சோவியத்துக்காகத் தகவல் கேட்டதாக ராணுவ உளவு அதிகாரி போரிஸ் பாஷிடம் அவர் சொன்னார். ஆள் பெயரைச் சொல்ல மறுத்தார். டிசம்பரில் மேலிடம் நெருக்கியபின் வந்த பெயர் ஷெவாலியே: பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர், நெருங்கிய நண்பர். மூன்று பேர் என்பது கட்டுக்கதை, தன் ஒருவனிடம் மட்டும்தான் பேச்சு வந்தது என்று பின்னால் ஒத்துக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, முட்டாள்தனம் என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை.

1947இல் இந்தக் கோப்பு அணுசக்தி ஆணையத்திடம் வந்தது. படித்தார்கள், அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி தொடரட்டும் என்றார்கள். அன்றைய உறுப்பினர்களில் லூயிஸ் ஸ்ட்ராஸும் ஒருவர். 1954இல் அதே ஸ்ட்ராஸ் தலைவர், அதே கோப்பு, அனுமதி பறிபோனது. பொய்க்கு ஏழு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான்.

நடுவில் என்ன நடந்தது? 1949இல் ஓப்பன்ஹைமர் தலைமையிலான ஆலோசனைக் குழு, ஹைட்ரஜன் குண்டை அவசர அவசரமாகச் செய்வதை எதிர்த்தது. 1953 ஏப்ரலில் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை, விசுவாசியா துரோகியா என்ற பழைய கேள்வியை அகலப்படுத்தியது. குற்றச்செயல், நேர்மையின்மை, உண்மையை மறைத்தல், குடி, 'பாலியல் பிறழ்வு' எல்லாம் ஒரே பட்டியலில். (இதன் பேரில் ஆயிரக்கணக்கான தன்பாலீர்ப்பாளர்கள் வேலையிழந்த கதை தனியாக எழுதப்பட வேண்டியது.) ஃபூக்கோ காட்டும் நகர்வுதான் இது: செயலிலிருந்து செய்தவனுக்கு, குற்றத்திலிருந்து குணத்துக்கு. செயலுக்குத் தேதி உண்டு, அது பழசாகும். குணம் என்று எழுதிவிட்டால் பழசாவதே இல்லை.

கோர்டன் கிரே தலைமையிலான மூவர் குழு அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிக்கவில்லை. ஹைட்ரஜன் குண்டு விஷயத்தில் அவர் நடந்துகொண்டது உறுத்துகிறது என்றது. 2-1 என்ற கணக்கில் அனுமதி கூடாதென்றது. மாறுபட்டவர் வார்ட் எவான்ஸ் - 1947இல் தெரிந்தே விட்டதை வைத்து இப்போது மறுப்பதா என்பது அவர் வாதம். ஜூன் 29 அன்று ஆணையம் 4-1 என்று முடித்தது. ஆனால் ஸ்ட்ராஸின் பெரும்பான்மைத் தீர்ப்பு குண்டு விவகாரத்தைக் காரணமாகக் காட்டவில்லை. குணத்தில் அடிப்படைக் குறைபாடு, கூடாத சகவாசம் என்றது. அரசியல் மாறுபாடு ஒழுக்கச் சொல்லாடலுக்குள் பெயர்க்கப்பட்டுவிட்டது. கருத்தைத் தண்டித்தால் எதிர்த்து வாதாடலாம். குணத்துக்கு எதை வைத்து வாதாடுவது?

சரி, எடை போட்டவர்களின் நேர்மை? ஓப்பன்ஹைமர் தன் வக்கீல்களோடு பேசியதை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டு ஸ்ட்ராஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ரகசியப் பேச்சு வந்தால் வக்கீல் காரிசன் அறையைவிட்டு எழுந்து போக வேண்டும், அவரிடம் அனுமதி இல்லையாம்! 2022 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை, விசாரணை நடந்த முறையே கோளாறு என்று அந்த முடிவை ரத்துசெய்தது. ஓப்பன்ஹைமர் செத்து 55 வருஷம் ஆகியிருந்தது.

ஷெவாலியேவை யாரும் பேசுவதில்லை. நண்பர் தன்னைப் பற்றிச் சொன்ன கதை, 1954இல் விசாரணைப் பதிவு அச்சான பிறகுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. 1965இல் தன் தரப்பை ஒரு புத்தகமாக எழுதினார்.