கிள்ளான் சாலையில் ஒரு சைக்கிள் பயணம்



அயர்லாந்து நாட்டின் தென்மேற்கில் கில்லார்னி என்றோர் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஏரிகள். சைக்கிள் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலைகளில் மெல்ல மிதித்துப் போவதும், வழியில் ரோஸ் கோட்டை, மக்ரோஸ் மடாலயம் போன்ற பழைய கட்டடங்களின் முன் இறங்கி நின்று பார்ப்பதும் அங்கு வருவோருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. கோட்டையைப் பார்த்தவர்கள் அதைக் கட்டியவர் யார், இழந்தவர் யார் என்று கேட்பார்கள். இப்படிப் பொழுதுபோக்காகத் தொடங்குவது வரலாற்றுப் பாடமாக முடிகிறது.

அத்தகைய பயணம் ஒன்றை நம் வட்டாரத்திலேயே செய்து பார்க்கலாம். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, கிள்ளான் நகரைக் கடந்து, காப்பார், மேரு பக்கத்துத் தோட்டச் சாலை வரை போவோம். வழியில் கோட்டையும் அரண்மனையும் வரும். அவற்றைவிட முக்கியமான ஓரிடமும் வரும். அங்கே கட்டடம் ஏதும் இல்லை. நம் பாட்டன்மார் நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் அந்த இடத்தின் வரலாறு. அதை இறுதியில் சொல்கிறேன்.

புறப்படுமுன் நம் வாகனத்தைச் சற்றுப் பார்ப்போம். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் சைக்கிளை 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செய்து வெளியிட்டார். ஆனால் அதன் சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் குலுங்கும். அப்போது அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே பெல்ஃபாஸ்ட் சைக்கிள் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய வண்டி வெற்றி பெற்றது. அதன்பின் உலகம் முழுவதும் அந்த டயரைக் கேட்டது.

டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் எங்கிருந்து வரும்? பிரேசில் காட்டிலிருந்து விக்கம் என்பவர் 1876-இல் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-இல் அவற்றின் வழிவந்த சில கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அங்குத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். முதலில் சைக்கிள் டயரும், பிறகு மோட்டார் கார் டயரும் கித்தாவின் விலையை ஏற்றின. 1905-க்குப் பிறகு சிலாங்கூர் கரையோரம் எங்கும் காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். டன்லப் நிறுவனமே 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. அந்தப் பாலை வெட்டத்தான் நம் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு டயரிலேயே தொடங்கிவிட்டது.

இப்போது துறைமுகம். 1901-இல் திறந்தபோது இதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய எத்தனையோ குடும்பங்கள் இங்கே கரை இறங்கின. நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் இருந்துவிட்டு, பின்னர் தோட்டத்துக் கங்காணியோடு புறப்பட்டன. துறைமுகத்துக்கு முன்னரே இரயில் வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் பாதை திறந்தது. ஆற்றுக்குப் பாலம் போட்டு 1890-இல் கிள்ளானுக்குள் வந்தது. அந்தத் தண்டவாளங்களைப் போட்டவர்களிலும் தமிழர்கள் மிகுதி.

துறைமுகத்திலிருந்து கிள்ளான் நகரம் ஏறக்குறைய ஐந்து மைல். மேடு பள்ளம் அதிகம் இல்லாத வழி. நகருக்குள் நுழைந்தால் ஆற்றின் தென்கரையில் கெடோங் ராஜா அப்துல்லா நிற்கிறது. கட்டப்பட்டது 1856-ஆம் ஆண்டில். அக்காலத்தில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவின் வீடும், ஈயக் கிடங்கும் அதுவே. மறு ஆண்டு அவர் சீனச் சுரங்கத் தொழிலாளர் 87 பேரை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் ஈயம் தோண்டியதிலிருந்து கோலாலம்பூர் பிறந்தது.

ஆற்று வழியாக இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்குவது யார் என்பதே அன்றைய பெரும் வழக்கு. ராஜா மஹாடி 1867-இல் கிள்ளானைப் பிடித்தார். அந்தப் போர் 1870-களின் தொடக்கம் வரை நீடித்தது. அவருடைய கோட்டையின் நுழைவாயில் இன்றும் குன்றின்மேல் இருக்கிறது. அந்தச் சண்டையில் தலையிட்ட பிரிட்டிஷார் பிறகு சிலாங்கூரை விட்டுப் போகவில்லை. அருகிலேயே சுல்தானின் இஸ்தானா ஆலம் ஷா அரண்மனையும், 1930-களில் கட்டிய சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும் உள்ளன. தெங்கு கிளானா சாலைப் பக்கம் வந்தால் பூக்கடையும் பலகாரக் கடையும் நம்மை அழைக்கும். 1892-இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் தொலைவில் இல்லை.

இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தாம். ஆனால் நேயர்களே, இவற்றில் ஒன்று மட்டும் குறைகிறது. அரசர் இருந்த இடம் தெரிகிறது. ஈயம் வைத்த இடம் தெரிகிறது. பாலை வெட்டியவர்களின் அடையாளம் எங்கே?

அதற்காகத்தான் ஆற்றைக் கடந்து வடக்கே போகிறோம். காப்பார் சாலையிலும் மேரு சாலையிலும் முன்பு இருபுறமும் கித்தாத் தோட்டங்கள். பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. இன்று பெரும்பகுதி வீடமைப்பும் தொழிற்சாலையும் ஆகிவிட்டது. 1941-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில்தான் கிள்ளான் வேலைநிறுத்தம் எழுந்தது.

அன்றைய நிலை இது. ஐரோப்பாவில் போர் நடந்தது. இராணுவத்துக்கு ரப்பர் தேவை. தோட்ட முதலாளிகளுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் இந்தியத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 காசுதான் கூலி. அதே மாதிரி வேலைக்குச் சீனத் தொழிலாளி கூடுதலாகப் பெற்றார். அரிசி விலையும் சாமான் விலையும் ஏறிக்கொண்டே போயின. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளரை ஒன்று சேர்த்தது. தமிழ்ப் பத்திரிகைத் துறையில் இருந்த ஆர்.எச்.நாதனும், ஒய்.கே.மேனனும் முன்னின்றார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளை இன்றைய இளைஞர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். சீனருக்கும் இந்தியருக்கும் சமகூலி. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். நல்ல மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூடுதல். பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதற்குத் தடை. கொடுமை செய்யும் கிராணிமார்களை நீக்கி, தமிழ் தெரிந்தவர்களை வைத்தல். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போதல். கூட்டம் கூடவும் பேசவும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

இதைக் கேட்கும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வயிற்றுக்குக் கூலி கேட்கும் இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். சற்றே எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்து மனிதனுக்கு அன்று சைக்கிள் என்பது வெறும் இரும்பு அல்ல. காசு காசாகச் சேர்த்து வாங்கியது. அதில் ஏறினால் பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரரைப் பார்த்து வரலாம். கடைத்தெருவுக்குப் போய் நாலு கடையில் விலை கேட்டுச் சாமான் வாங்கலாம். கோயில் திருவிழாவுக்குப் போகலாம். தோட்டத்து எல்லையோடு முடிந்த உலகத்தை அது ஐந்து மைல், பத்து மைல் என்று அகலமாக்கியது. அந்தச் சைக்கிளில் பெரியவர் ஒருவர் வருகிறார். பின்னால் மகன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே துரை வருகிறார். தந்தை குதித்து இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். மகன் அதைப் பார்க்கிறான். அவன் அன்று கற்றுக்கொள்ளும் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அழியாது. ‘நாம் தாழ்ந்தவர்கள்’ என்பதே அந்தப் பாடம்.

இந்தப் பழக்கம் கடல் கடந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் மேல்சாதியார் முன்னே செருப்பணியக் கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமைகள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தவை. அதிலிருந்து தப்பி இங்கு வந்தவர்கள் உண்டு. வந்த இடத்திலும் அதே வழக்கம் துரையின் பெயரால் காத்திருந்தது. ஆகவே 1941-இல் இவர்கள் எதிர்த்தது தோட்டத்துக் கட்டுப்பாடு ஒன்றை மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக முதுகை வளைத்த ஒரு பழக்கத்தையும்தான்.

கூலி உயர்வுக்கு முதலாளிக்குச் செலவு உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் செலவு உண்டு. சைக்கிளை விட்டு இறங்காமல் போக விடுவதற்கு ஒரு காசு செலவு இல்லை. அதையும் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது என்றால், அன்றைய தோட்ட வாழ்வை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

அரசாங்கம் என்ன செய்தது? 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தது. அதைக் கேட்டுத் தொழிலாளர் திரண்டனர். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. மே மாத நடுவில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்து, இராணுவத்தையும் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களில் மீண்டும் பெரட்டு மணி அடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 8-ஆம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். துரைமார்களே காரில் ஏறித் தெற்கே ஓடினார்கள். சைக்கிளை விட்டு யார் இறங்குவது என்ற கேள்வி அன்று வேறு விதமாகத் தீர்ந்தது. ஜப்பானியப் படைவீரர்கள் பல்லாயிரம் பேர் சைக்கிளில்தான் மலாயாவின் சாலைகளில் இறங்கி வந்தனர்!

அப்படியானால் வேலைநிறுத்தம் தோற்றதா? உடனடிப் பலனைப் பார்த்தால் தோல்விதான். ஆனால் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டதைக் கேட்காததாக ஆக்க எவராலும் முடியாது. போருக்குப் பின் தோட்டந்தோறும் தொழிற்சங்கங்கள் எழுந்தன. அவை ஒன்றுசேர்ந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி.நாராயணன் அதை வழிநடத்தினார். துரையின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கூலி பேசும் காலம் வந்தது. சைக்கிளில் உட்கார்ந்திருக்க உரிமை கேட்டவர்கள் போட்ட வழி அது.

சைக்கிளும் மானமும் சேர்ந்து வரும் கதை வேறிடங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்லுடைக்கும் பெண்ணும் வயல்வேலை செய்யும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் வண்டியேறினர். ஆண் துணைக்குக் காத்திராமல் போக வேண்டிய இடத்துக்குப் போனார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நேயர்களே, திரும்பும் வழியில் கிள்ளான் ஆற்றின்மேல் கோத்தா பாலத்தைப் பாருங்கள். 1908-இல் திறந்த பெல்ஃபீல்ட் பாலத்துக்குப் பதிலாக, 1960-ஐ ஒட்டிக் கட்டியது. இரண்டு தட்டுப் பாலம். மேல்தட்டு மோட்டார் வண்டிக்கென்றும், கீழ்த்தட்டு நடப்பவர்க்கும் சைக்கிளில் போகிறவர்க்கும் என்றும் அமைத்தார்கள். பின்னர் பக்கத்தில் புதுப்பாலம் வந்து, மோட்டார் வண்டிகள் அதற்கு மாறின. வேலைநிறுத்தத்துக்காக அந்தப் பாலத்தை யாரும் கட்டவில்லை. எனினும் இருபது ஆண்டுக்கு முன் ஓரமாக இறங்கி நிற்க வேண்டியிருந்தவர்களின் பிள்ளைகள், தமக்கென்று அமைந்த தட்டில், எவருக்கும் இறங்காமல் ஆற்றைக் கடந்தார்கள்.

1941-இல் இளைஞராக இருந்தவர்கள் இன்று நம்மிடையே அரிது. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டது, லயம் இடிந்துவிட்டது. கதையும் போய்விடக் கூடாது. மாணவர்களே, இன்று மாலை தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள்: ‘நம் வீட்டுக்கு முதல் சைக்கிள் எப்போது வந்தது? அதில் யார் எங்கே போனார்கள்?’ அவர்கள் சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். கோட்டை இல்லாதவர்களின் வரலாறு அப்படித்தான் நிலைக்கும்.