நாலாவது குண்டில் நின்ற உருளை: கருமருந்தின் கசடும் நம்ம ஊர் வரலாறும்

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிற ஒரு நண்பர், நம்ம நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்கிறவர், போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அதில் ஒரு அமெரிக்கர் பழைய கோல்ட் ரிவால்வரின் நகல் ஒன்றை வைத்துச் சுடுகிறார். 1851-இல் வந்த மாடல். நகல் இத்தாலியில் செய்தது. மூணு குண்டு போகுது. நாலாவதுக்கு உருளை சுத்தவே மாட்டேங்குது. "புதுத் துப்பாக்கிதானே சார், டாலரன்ஸ் தப்பா? நம்ம லேத்துல இதைவிட நல்லா கடைஞ்சிரலாமே" என்று எழுதியிருந்தார்.

கடைசி வாக்கியத்துக்கு முதலில் பதில் சொல்லிடறேன். கடையாதீங்க. நகலோ அசலோ, சுடக்கூடியதாக இருந்தால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அது துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் செய்வதே குற்றம். அமெரிக்காவில் 1968 சட்டம் இந்த மாதிரி நகல்களைப் பழம்பொருள் கணக்கில் விட்டுவிடுகிறது. அதனால்தான் அங்கே அது பொழுதுபோக்கு.

டாலரன்ஸ் தப்பில்லை. தப்பு மருந்தில் இருக்கு. தப்பு என்றுகூடச் சொல்லக்கூடாது, அதன் குணமே அதுதான். வெடியுப்பு, கந்தகம், மரக்கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து எரிந்தால் முழுசாகப் புகையாகிப் போகாது. எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையாக வெளியே போனது போக மீதி குழலிலும், உருளை சுற்றுகிற அச்சிலும் கசடாகப் படியும். கசடு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். முதலில் மாவு மாதிரி இருப்பது பிசின் மாதிரி ஆகி, உருளையைப் பிடிச்சுக்கும். வெடித்த கேப்பின் செப்புத் துணுக்கு ஹேமருக்குக் கீழே விழுந்து சிக்குவது இன்னொரு வழக்கமான தொல்லை. அந்த அமெரிக்கர் துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கி ஹேமரை இழுக்கிறாரே, ஸ்டைலுக்கு இல்லை, துணுக்கு வெளியே விழட்டும் என்று.

இந்தக் கசடைப் புரிந்துகொண்டால் நம்ம பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் சில இடங்கள் வேறு மாதிரி தெரியும். கம்பெனிப் படையின் பிரவுன் பெஸ் மஸ்கெட்டை எடுத்துக்கோங்க. குழலின் உள்வாய் முக்கால் அங்குலம். ஆனால் குண்டு அதைவிடக் கிட்டத்தட்ட அரை நூல் சின்னது. ஏன் இப்படித் தொளதொளன்னு? பத்து இருபது தடவை சுட்ட பிறகு உள்ளே கசடு ஏறிவிடும். அப்பவும் குண்டு இறங்கணும். குறி தவறினாலும் பரவாயில்லை, சுடறது நிக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மைசூர்ப் படையின் ராக்கெட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்க. ஹைதரும் திப்புவும் அதே கருமருந்தைத்தான் இரும்புக் குழாயில் அடைத்து மூங்கிலில் கட்டினார்கள். குழாய் இரும்பாக இருந்ததால் அழுத்தம் தாங்கியது, தூரம் போனது. அதெல்லாம் எல்லோரும் சொல்றது. எனக்குப் பிடித்தது வேறு: ராக்கெட் ஒரு தடவைதான் எரியும். துடைக்கிற வேலை இல்லை, அடுத்த குண்டு இறங்குமா என்ற கவலை இல்லை.

1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், அரகெரெயில் சண்டையில் ஜெயிச்சும் திரும்ப வேண்டியதாயிற்று. மழை. ஈரத்தில் மருந்து நமுத்துப்போய்த் தோற்றார்னு கதை சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனால் முதல் காரணம் மாடுகள். மாடுகள் செத்து, தானியம் தீர்ந்து, இழுக்க ஆளில்லாமல் முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்து செய்ததுதான் நம்ம ஊர்க் கதை. ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார். கர்நாடகச் சமவெளியிலிருந்து கணவாய் ஏறி வருகிற பாதை திறந்தது. அரிசியும் மருந்துப் பீப்பாயும் அந்த வழியாகத்தான் மேலே போகணும். நவம்பரில் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மேல்கோட்டையை அடித்துப் பார்த்து முடியாமல் திரும்பினார். 1792 ஒப்பந்தத்தில்தான் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது.

கசடுக்கு மருந்து கொழுப்பு. வீடியோவில் ரிவால்வர் அறைகளின் வாயில் அவர் ஏதோ தடவுகிறாரே, அது கசடு இறுகாமல் இருக்க. ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்கவும் அது உதவும் என்று பலர் தடவுகிறார்கள். 1853 என்ஃபீல்டு ரைஃபிளுக்கும் இதே பிரச்சினை, இன்னும் மோசமாக. ரைஃபிள் குழலில் வரிப்பள்ளங்கள் உண்டு, குண்டு ஒட்டி உட்காரணும், தொளதொளப்புக்கு இடமில்லை. அதனால் தோட்டாத் தாளில் கொழுப்பு தடவினார்கள். அது பசுக்கொழுப்பா பன்றிக்கொழுப்பா என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. மே 10 அன்று மீரட்டில் வெடித்தது. நில வரி, சம்பளம், அவத் இணைப்புன்னு காரணங்கள் நிறைய இருந்தன, மறுக்கலை. ஆனால் கையில் வந்து சேர்ந்த பொருள் என்னவோ, துப்பாக்கி சிக்காமல் இருக்கத் தடவின அந்தப் பூச்சுதான்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்துக்கு முன்னாடியே எங்க தாத்தாகிட்ட இருந்து வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ராகிக் கொல்லை. காட்டுப்பன்றியைச் சத்தம் போட்டு விரட்ட, உரிமம் வாங்கின ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. ஒரு ராத்திரி பரணில் நானும் சித்தப்பாவும் இருந்தோம். தாத்தா விசையை இழுத்தார். 'டிக்'னு கேப் மட்டும் வெடிச்சது. சித்தப்பா "என்னாச்சுப்பா?"ன்னு குழலைப் பார்க்கக் குனிஞ்சார். தாத்தா ஒரு கையால் அவர் நெஞ்சில் கை வச்சுத் தள்ளினார். குழல் கொல்லைப் பக்கமே நீட்டியபடி இருந்தது. ரெண்டு மூணு நொடி. அப்புறம் வெடிச்சது. ஈர மருந்தோ நிப்பிள் துளையில் கசடோ, நெருப்பு மெதுவாக உள்ளே போயிருக்கு. சித்தப்பா அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை பேசலை.

மறுநாள் காலையில் தாத்தா துப்பாக்கியைக் கொதிக்கிற தண்ணீரால் கழுவினார். எண்ணெய் போடலாமேன்னு நான் கேட்டேன். கருமருந்தின் கசடு உப்பு மாதிரி, தண்ணியில்தான் கரையும். எண்ணெய் கடைசியில், காஞ்ச பிறகு. வீடியோ அனுப்பின நண்பருக்கும் அந்த அமெரிக்கர் இதையேதான் செஞ்சு காட்டியிருப்பார், கடைசி நிமிஷம் வரை பாருங்க.

தாத்தா போன பிறகு ஒரு தேர்தல் சமயம் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைச்சோம். ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி கழுவ நாங்க மறந்துட்டோம். திரும்பி வந்தபோது குழலுக்குள் விளக்கடிச்சுப் பார்த்தா, செவசெவன்னு துரு. சித்தப்பா உரிமத்தைப் புதுப்பிக்கலை. திருப்பிக் கொடுத்துட்டார்.