உமணர் வண்டியும் இலண்டன் பஸ்ஸும்

வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது வெள்ளைக்காரரின் ஓய்வுகாலப் பொழுதுபோக்கு என்று நம்மிற் பலர் நினைக்கிறார்கள். பெரிய மோட்டார் வண்டி ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் அடக்கிவிட்டுக் கண்டம் விட்டுக் கண்டம் போகிறார்கள். நமக்கு அதற்குப் பணமும் இல்லை, பாதையும் இல்லை என்பது அவர்களது வாதம். பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர்கள் இந்த வாதத்தை அவ்வளவு இலகுவில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலிலே உப்பு வணிகரான உமணரின் வண்டிகளை நிறுத்தி வைத்து நமக்குக் காட்டுகிறார். வண்டியிலே கோழிக்கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த பானை கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையோடு ஒரு பெண் இருந்து எருதுகளை ஓட்டுகிறாள். இதைச் சுமை வண்டி என்று மட்டும் எப்படிச் சொல்வது? சமையற்கட்டும் தொட்டிலும் உள்ள வீடல்லவா அது?

அந்த வீட்டின் பராமரிப்பைப் பற்றிய செய்தி வேறோரிடத்தில் இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடுகிறார். மேடும் பள்ளமுமான வழியிலே என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர் வண்டியின் அடியில் மேலதிகமாக ஓர் அச்சைக் கட்டிச் செல்வார்களாம். அந்தச் சேமஅச்சைப் போன்றவன் எழினி என்பது பாட்டின் உவமை. ஓர் அரசகுமாரனைச் சூரியனோடும் சந்திரனோடும் ஒப்பிடாமல் வண்டியின் உதிரிப்பாகத்தோடு ஒப்பிட்ட துணிச்சலை நான் எப்போதும் வியப்பதுண்டு. இதை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, தகப்பன் லொறி ஓட்டும் மாணவன் ஒருவன், “சேர், ஸ்பெயார் வீல்தானே?” என்றான். உரையாசிரியர்கள் நாலு வரியில் சொல்வதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ஆயினும் சில்லை விட அச்சுப் பெரிய காரியம். அச்சு முறிந்தால் வீடு நடுக்காட்டில் நின்றுவிடும்.

நான் குடியிருப்பது பொரளையிலே. பொரளை என்றதும் தமிழர் மனத்தில் முந்திக்கொண்டு வருவது 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு; கனத்தை மயானத்தருகே மூண்ட தீ. அதை மறைத்துவிட்டு இவ்வூரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. எனினும் இந்தச் சந்திக்கு அதற்கு முந்திய வரலாறு ஒன்றும் உண்டு, அது சக்கரங்களின் வரலாறு. கொழும்பின் டிராம் வண்டிப் பாதைகள் இரண்டில் ஒன்று கிராண்ட்பாஸுக்கும் மற்றது பொரளைக்கும் போனது. பூஸ்டெட் சகோதரர் நிறுவனத்தார் அமைத்த அந்தச் சேவையின் தொழிலாளர்கள் 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். 1944இல் மாநகர சபை டிராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் மின்கம்பியைப் பிடித்தோடும் டிரொலி பஸ்கள் வந்தன. 1960இல் டிராம் ஓய்ந்தது, 1964இல் டிரொலியும் ஓய்ந்தது.

இதற்கிடையில் 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1948இல் இரத்தினம், 1954இல் சன்சொனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என்று மூன்று ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சிபாரிசு செய்திருந்தன. சபையின் கைக்கு வந்து சேர்ந்தவை பல வகையான, பல வயதான வண்டிகள். அதே 1958இல் இலண்டனிலும் ஒரு நிகழ்ச்சி. அங்கு பஸ் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தத்தின் பின் சேவைகள் குறைக்கப்பட்டன, நல்ல நிலையிலிருந்த மாடி பஸ்கள் மிஞ்சிப்போயின. இலண்டனுக்கு மிஞ்சியது கொழும்புக்குத் தேவைப்பட்டது. ஆர்.ரி. குடும்பத்து மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறின. நாமும் பிரித்தானியரைப் போலப் பாதையின் இடப்பக்கம் செல்பவர்கள் ஆதலால் ஏறும் வாசலைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆர்.ரி. பஸ்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேல்தட்டில் 30, கீழ்த்தட்டில் 26 என்று 56 ஆசனங்கள். ஏ.ஈ.சி. நிறுவனத்தின் 9.6 லீற்றர் டீசல் எஞ்சின். கியர் போடும் முறை விசித்திரமானது: அடுத்து வேண்டிய கியரைச் சாரதி முன்கூட்டியே சிறு நெம்புகோலால் தெரிவு செய்துவிடுவார், பிறகு தேவையான கணத்தில் மிதியை ஒருமுறை அழுத்தினாற் போதும். அந்த மிதியைச் சாதாரணக் கிளட்ச் என்று நினைத்துப் பாதி மிதித்து ஓட்டினால் பெட்டிக்குள் இருக்கும் பட்டைகள் தேய்ந்துபோகும். ஆகவே வண்டியைக் காப்பாற்றுவது கராஜில் அல்ல, சாரதியின் இடது காலிலேதான் தொடங்கியது.

இலண்டனுக்கு வடக்கே அல்டன்ஹாம் என்னும் இடத்தில் இந்தப் பஸ்களுக்கென்றே பிரமாண்டமான வேலைத்தளம் இருந்தது. அங்கே பஸ்ஸின் உடலைச் சசியிலிருந்து அப்படியே தூக்கி எடுப்பார்கள். சசி ஒரு வழியிற் போகும், உடல் இன்னொரு வழியிற் போகும். திருத்தி முடிந்த பின் உடல் அதன் பழைய சசிக்கே திரும்ப வேண்டும் என்ற நியதியில்லை. எது தயாரோ அதன் மேல் அமர்த்தி, இலக்கத் தகட்டை மாட்டி அனுப்புவார்கள். எங்கள் சித்தர்களின் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையை இவர்கள் பாரந்தூக்கியால் செய்திருக்கிறார்கள்.

1963இல் வெளிவந்த “சமர் ஹொலிடே” என்ற ஆங்கிலப் படம் இந்த அல்டன்ஹாமில்தான் தொடங்குகிறது. கிளிஃப் ரிச்சர்ட் அதிலே ஒரு பஸ் மெக்கானிக். அவரும் நண்பர்களும் ஆர்.ரி. பஸ் ஒன்றை ஓடும் வீடாக்கி ஐரோப்பாவைக் கடந்து ஏதென்ஸ் வரை போகிறார்கள். பாட்டும் கூத்துமான படம், கதை சுமார்தான். ஆனால் நடுவே கம்பமில்லாத நீண்ட தளம், இரண்டு தட்டு, நிற்க உயரம், எளிதில் சாகாத எஞ்சின் என்று வீடாவதற்கு வேண்டிய இலட்சணங்கள் எல்லாம் அந்தப் பஸ்ஸுக்கு இருந்தன என்பது உண்மை. அதே இனத்துப் பஸ்கள் அதே வருடங்களில் கொழும்பிலே சனத்தை அடைத்துக்கொண்டு ஓடின. அங்கே ஒரு பஸ்ஸில் சிலர் வாழ்ந்தது படம். இங்கே ஒரு பஸ்ஸில் நூறு பேர் தொங்கியது சீவியம்.

அந்நியச் செலாவணி வரண்ட 1960களிலும் 1970களிலும் உதிரிப்பாகம் தருவிப்பது இலேசான காரியமல்ல. சபையின் மத்திய வேலைத்தளம் வெரஹெரவில் இருந்தது. அல்டன்ஹாமில் உடலை மாற்றிய இடத்தில் நம்மவர்கள் ஒவ்வோர் உறுப்பாக மாற்றினார்கள். செத்த பஸ்ஸின் உறுப்பு உயிருள்ள பஸ்ஸுக்குப் போனது. கிடைக்காததைக் கடைந்தும் அடித்தும் செய்தார்கள். வெளியே அதே கலையின் சந்தை, பொரளையிலிருந்து மருதானை வழியாகப் போனால் வரும் பஞ்சிகாவத்தை. அங்கே கழிந்த வண்டி என்று எதுவும் இல்லை, பிரித்த வண்டிதான் உண்டு. 1980களின் பிற்பகுதியில் வந்த ரூட்மாஸ்டர் மாடி பஸ்ஸுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகச் செல்லாது. அலுமினிய உடலே எலும்புமான வண்டி அது. தனியே சசி இல்லை.

வடக்கிலே இக்கலை வேறு வடிவம் எடுத்தது. லொறிச் சசியின் மேல் மரத்தால் கூடு கட்டி, பக்கங்களில் தட்டி வைத்து, உள்ளே சனமும் கூரையில் மரக்கறியும் மீன்கூடையுமாகச் சந்தைக்கு ஓடிய தட்டி வானை யாழ்ப்பாணத்தார் மறக்க மாட்டார்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் மறைந்தது. சேலைன் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் காபரேற்றரை உசுப்பி, எஞ்சின் பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கிழட்டு ஒஸ்டின்களையும் மொறிஸ் மைனர்களையும் ஓட்டினார்கள். வெண்புகை கக்கி இருமி இருமி ஓடும். இந்த முறை எந்தப் பொறியியற் பாடநூலிலிருந்தும் வந்ததல்ல. கண்டுபிடித்த கைகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். எனக்கு அப்போது 15 வயது. அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியிலே எங்கள் இரு குடும்பமும் ஏறியது. மாமா என்றுதான் அவரை அழைப்போம், மெக்கானிக். அரிசி மூட்டை, சைக்கிள்கள், என் புத்தகங்கள், பின்பலகையில் கட்டிய கோழிக்கூடு, அம்மம்மாவின் சிறிய இடியுரல். உரலை விட்டுவிட்டு வரச்சொல்லி அம்மா கெஞ்சினார். அம்மம்மா மடியை விட்டு இறக்கவில்லை. மழை வேறு. மாமா தறப்பாளை மூங்கிலில் கட்டிக் கூரையாக்கினார்.

விடியும் நேரம் பெட்டியின் ஒரு சில்லு புகைந்தது. பாரந்தாங்காமல் பெயாரிங் எரிந்துவிட்டது. மாமா ஆசனத்தின் கீழிருந்து கிறீஸ் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு பெயாரிங், பழையதுதான். தெருவோரம் பெட்டிக்கு முண்டு கொடுத்து, சேற்றில் படுத்துக்கொண்டு அதை மாட்டி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. எங்களைக் கடந்து சனம் போய்க்கொண்டே இருந்தது.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை முற்றத்தில் பெட்டிக்குள்ளேயே பதினொரு நாள் இருந்தோம். பின்பலகையை இறக்கி நான்கு கல் வைத்ததில் அது திண்ணையாயிற்று, அதன் கீழ் அடுப்பு. பன்னிரண்டாம் நாள் மாமா உழவு இயந்திரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, பாதையில் நின்றுபோன வேறொரு குடும்பத்தின் பெட்டியை இழுத்துவரப் போனார். எங்கள் பெட்டி சில்லுகளுக்குக் கல் கொடுத்தபடி வேப்பமரத்தடியில் நின்றது.