ஐசியூவுக்கு வந்த உயில்

நான் ஐசியூ நர்ஸாகச் சேர்ந்த காலத்தில், தன் சாவைப் பற்றி நோயாளியே எழுதிவைத்த காகிதம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது ஏஎம்ஏ படிவம். டாக்டர் சொல்வதையும் மீறி எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று உறவினர் கையெழுத்துப் போடுவது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறோம் சிஸ்டர்" என்று மூத்த மகன் சொன்னால் வார்டுக்கே புரிந்துவிடும். தொண்டைக் குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வழிநெடுக மூச்சுக்கான ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே போய், வீட்டில் படுக்கவைத்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள். டாக்டர்கள் ஈரமில்லாதவர்கள் இல்லை. வென்டிலேட்டரை நிறுத்தினால் போலீஸ் வருமோ என்ற பயம். ஏஎம்ஏ என்று எழுதிவிட்டால் பழி யார்மேலும் இல்லை.

குணமாக வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உயில், அதாவது லிவிங் வில் என்ற யோசனையை 1969இல் எழுதியவர் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் கட்னர். கலிபோர்னியா 1976இல் அதைச் சட்டமாக்கியது. நம் நாட்டிலோ இந்தப் பேச்சைப் பெரிதாக்கியது ஒரு நர்ஸின் கட்டில். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் 1973இல் அங்கிருந்த ஊழியர் ஒருவராலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கேட்டு பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனபோது, எதிர்த்து நின்றவர்கள் கேஇஎம் நர்ஸுகள். அருணாவுக்காகப் பேசும் உரிமை அவர்களுக்கே என்று 2011இல் நீதிமன்றமும் சொன்னது. படுத்தே கிடப்பவரை அத்தனை வருடம் புரட்டிப் படுக்கவைப்பது என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் முழுதாக அவர்கள் பக்கம் இல்லை. அருணாவின் விருப்பம் என்ன என்று அறிய ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே.

அந்தச் சீட்டுக்கு வழி பிறந்தது 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில். வழிதான் கரடுமுரடு: மாஜிஸ்திரேட் கையெழுத்து, மருத்துவமனை வைக்கும் குழு, அப்புறம் கலெக்டர் அமைக்கும் குழு. மூச்சுத் திணறுகிறவருக்கு இதெல்லாம் கூடுகிற காரியமா? 2023 ஜனவரியில் நீதிமன்றமே தளர்த்தியது. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்த உயிலைக் கருணைக் கொலையோடு குழப்பிக்கொள்ளும் டாக்டர்கள் உண்டு. உயில் இருந்தால் சாதாரண நிமோனியாவுக்குக்கூட வைத்தியம் கூடாதோ என்று கேட்கும் இளம் நர்ஸுகளும் உண்டு. குணமாகும் நம்பிக்கை அற்ற நிலைக்குத்தான் அது. மூத்த டாக்டர் ஒருவரிடம், நோயாளி எழுதிவைத்திருந்தும் விமானத்தில் வந்து இறங்கும் மகன் 'எல்லாம் செய்யுங்க' என்றால் யார் பேச்சைக் கேட்பீர்கள் என்றேன். "மகன் பேச்சைத்தான் சிஸ்டர். கேஸ் போடப்போறது அவன்தானே?" என்றார்.